விலங்குகளின் உடல் சமச்சீரும் கட்டமைப்பு நிலைகளும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் நேரில் பார்த்துக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

மேல்நிலை வகுப்பில் விலங்கியலைப் படிக்கத் தொடங்கும் மாணவர், விலங்குலக வகைப்பாட்டின் வாசலிலேயே உடல் சமச்சீர், உடற்கட்டமைப்பு நிலை என்ற இரண்டையும் சந்திக்கிறார். பாடநூல்களில் இவை அடுத்தடுத்து வருகின்றன. கடற்பஞ்சில் தொடங்கி முதுகெலும்பிகளில் முடியும் ஒரே அட்டவணையில் பக்கம்பக்கமாக நிற்கின்றன. அதனால் இரண்டும் சேர்ந்தே உயர்ந்துகொண்டு போகும் ஒரே ஏணி என்ற எண்ணம் பலருடைய மனத்தில் பதிந்துவிடுகிறது. தேர்வுத்தாளை நிரப்ப அந்த எண்ணம் போதும். ஏரிக்கரையில் ஒரு நத்தையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது அது உதவாது. உடலின் பாகங்கள் ஓர் அச்சையோ தளத்தையோ ஒட்டி எப்படி அமைந்துள்ளன என்பதைச் சமச்சீர் சொல்கிறது. செல்கள் தமக்குள் வேலையை எந்த அளவுக்குப் பங்கிட்டுக்கொண்டுள்ளன என்பதைக் கட்டமைப்பு நிலை சொல்கிறது. ஒன்றுக்கான விடையை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஒவ்வொரு விலங்கையும் இரண்டு முறை, இரண்டு தனித்தனிக் கேள்விகளோடு பார்க்கப் பழகுவதற்கான முறையைக் கீழே விளக்கியுள்ளேன்.

தொடங்கும் முன்

சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லாததால் ஜெல்லி மீன், கடல் சாமந்தி, நட்சத்திர மீன் ஆகியவற்றை இங்கே உயிருடன் பார்க்க வழியில்லை. ஆனால் நகரை ஒட்டியே கன்னங்குறிச்சி மூக்கனேரியும் தெற்கே பனமரத்துப்பட்டி ஏரியும் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களும் ஈர மண்ணும் காத்திருக்கின்றன. நன்னீரிலும் ஈர நிலத்திலும் வாழும் விலங்குகளைக் கொண்டே முக்கியமான சமச்சீர் வகைகளையும், ஏறத்தாழ எல்லாக் கட்டமைப்பு நிலைகளையும் பார்த்துவிடலாம். மண்ணில் வாழ்பவற்றுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் ஏற்றது. நீருக்கடியில் கற்களில் ஒட்டி வாழ்பவற்றைத் தேட, நீர்மட்டம் இறங்கும் பங்குனி, சித்திரை மாதங்கள் வசதியானவை.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளை நிறத் தட்டு, வாயகன்ற கண்ணாடிப் பாட்டில், சொட்டுக்குழாய், ரப்பர் கையுறை, கோடு போடாத நோட்டு, பென்சில் ஆகியவற்றுடன், சட்டமில்லாத செவ்வக வடிவச் சிறு முகக்கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் முதற்படியில் தெரியும். தோட்டங்களுக்குள் நுழைய உரிமையாளரிடமும், காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையிடமும் அனுமதி பெற வேண்டும். காட்டுயிர்களைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கே சொல்லப்படும் எதற்கும் ஓர் உயிரையும் வெட்டத் தேவையில்லை. உள்ளுறுப்புகளுக்குப் பாடநூல் படங்களே போதும். அவசரமாக வெட்டிச் சிதைத்த உடலைவிட அவை தெளிவாகவும் இருக்கும்.

முதற்படி: அச்சையும் தளத்தையும் கண்டுபிடித்தல்

எந்த விலங்கைப் பார்த்தாலும் முதலில் வாயைத் தேடுங்கள். வாயுள்ள முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்லும் கற்பனைக் கோடே பெரும்பாலும் உடலின் முதன்மை அச்சு. அந்த அச்சின் வழியாக உடலை இரண்டாகப் பிரிக்கும் தளங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, எத்தனை தளங்களில் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்களாக அமைகின்றன என்று கேளுங்கள். விடை பூஜ்யமா, ஒன்றா, இரண்டா, அதற்கு மேலா என்பதில்தான் வகைப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கிளிமூக்கு மாங்காய் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது உடனே விளங்கும். காம்பிலிருந்து மூக்கு வரை, தட்டையான கொட்டையின் போக்கிலேயே கத்தி இறங்குவதாகக் கொண்டால், இருபுறக் கதுப்புகளும் ஒன்றுக்கொன்று பிம்பமாக அமையும். அதே காம்பிலிருந்து கொட்டைக்குக் குறுக்காகப் பிளந்தால், மூக்குள்ள பாதி ஒரு வடிவமாகவும் மற்றப் பாதி வேறு வடிவமாகவும் போகும். பிம்பம் தரும் தளம் ஒன்றே ஒன்று என்பதால், மாங்காய் விலங்காக இருந்திருந்தால் இருபக்கச் சமச்சீர் உடையது என்று எழுதியிருப்போம்.

களத்தில் விலங்கைப் பிளக்க முடியாது. அதற்குத்தான் முகக்கண்ணாடி. விலங்கை மேலிருந்து பார்த்து, அளவு பிசகாமல் நோட்டில் வரையுங்கள். கண்ணாடியைப் படத்தின் நடுக்கோட்டில் செங்குத்தாக நிறுத்தி, வெளியே தெரியும் பாதியும் கண்ணாடியில் தெரியும் பாதியும் சேர்ந்து முழு விலங்கின் உருவத்தைத் தருகின்றனவா என்று பாருங்கள். பிறகு கண்ணாடியை அச்சின் மேல் சற்றுச் சற்றாகத் திருப்பி மற்றத் தளங்களையும் சோதியுங்கள். ஒரு பார்வையிலிருந்து வரைந்த படம் மட்டும் போதாது. மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றும் வேண்டும். மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும் பல விலங்குகள் பக்கவாட்டில் தம் முதுகையும் வயிற்றையும் காட்டிவிடுகின்றன.

இந்தச் சோதனையில் சுழற்சியும் பிம்பமும் ஒன்றல்ல என்பதையும் பிரித்தறிய வேண்டும். வீட்டு வாசலில் பூக்கும் ஐந்திதழ்ச் செம்பருத்தியில் ஒவ்வோர் இதழும் அடுத்ததன் மேல் ஒரே திசையில் படிந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு சுழற்றினால் பூ முன்போலவே தெரியும். கண்ணாடியை வைத்தாலோ இதழ் படியும் திசை மாறிவிடுவதால் எந்தத் தளத்திலும் சரியான பிம்பம் வராது. தாவரவியலார் இதை ஆரச் சமச்சீர்ப் பூவென்றே (ஓர் அச்சைச் சுற்றி ஒழுங்காக அமைந்த பூ) சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆயினும் வட்டமாகத் தெரிவதெல்லாம் எண்ணற்ற தளங்களில் சமமாகப் பிரியும் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: வகைகளை அறிதல்

எந்தத் தளத்திலும் பிம்பம் வராத உடல் சமச்சீரற்றது. அமீபாவும் பெரும்பாலான கடற்பஞ்சுகளும் இவ்வகை. மையப்புள்ளி வழியாக எந்தத் திசையில் பிரித்தாலும் சமமாகும் கோளச் சமச்சீர், ரேடியோலேரியா போன்ற சில ஒருசெல் உயிரிகளில் மட்டும் காணப்படுவதால் அதை இத்துடன் விட்டுவிடலாம். ஓர் அச்சைச் சுற்றிப் பல தளங்களில் பிம்பம் தருவது ஆரச் சமச்சீர். சீப்பு ஜெல்லிகளில் எட்டுச் சீப்பு வரிசைகள் சுற்றிலும் அமைந்திருந்தும், உணர்நீட்சிகள் இரண்டு மட்டும் எதிரெதிராக இருப்பதால் இரண்டே தளங்கள் தேறுகின்றன. அது ஈராரச் சமச்சீர். ஒரே ஒரு தளம் மட்டும் கிடைத்தால் இருபக்கச் சமச்சீர்.

பெயரை எழுதியவுடன் நோட்டை மூடிவிடாதீர்கள். அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்பதைப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதுங்கள். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டோ நீரோட்டத்தில் மிதந்துகொண்டோ வாழும் விலங்குக்கு இரையும் ஆபத்தும் எந்தத் திசையிலிருந்தும் வரலாம்; சுற்றிலும் சமமாக அமைந்த உடல் அதற்குப் பொருந்துகிறது. ஒரு திசையை நோக்கி நகரும் விலங்கில் முன்முனையே புதிய இடத்தை முதலில் சந்திக்கிறது. கண்களும் உணர்கொம்புகளும் நரம்புத் திரட்சியும் அங்கே கூடித் தலை உருவாகிறது. தரையைத் தொடும் பக்கம் வயிறாகவும் மறுபக்கம் முதுகாகவும் வேறுபடுகின்றன. முன்பின்னும் மேல்கீழும் வேறுபட்ட பிறகு, பிம்பமாக இருக்கக்கூடியவை இடமும் வலமும் மட்டுமே.

மூன்றாம் படி: ஏரிக்கரையில்

முதலில் ஹைட்ரா என்ற சிறிய நன்னீர் விலங்கு. சாக்கடை கலக்கும் ஓரங்களில் இது கிடைக்காது. தெளிந்த நீர் நிற்கும் குட்டையிலிருந்தோ, நீர் கலங்காத ஏரி மூலையிலிருந்தோ வேலம்பாசிக் கொத்து ஒன்றை நீரோடு பாட்டிலில் எடுத்துவந்து, சன்னலருகே ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். ஹைட்ரா இருந்தால், பெரும்பாலும் வெளிச்சமுள்ள பக்கக் கண்ணாடியில் சில மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய நூலாக ஒட்டித் தொங்கும். கைலென்ஸில் ஒரு முனையில் ஒட்டும் தட்டும், மறுமுனையில் வாயைச் சூழ்ந்த உணர்நீட்சிகளும் தெரியும். தளங்களை எண்ணும்போது உணர்நீட்சிகளின் எண்ணிக்கை உயிரிக்கு உயிரி வேறுபடுவதையும், பக்கத்தில் மொட்டு அரும்பியிருந்தால் பிம்பம் குலைவதையும் காண்பீர்கள். பாடநூல் சொல்லும் ஆரச் சமச்சீர் உடலின் அடிப்படைத் திட்டத்தைப் பற்றியது. தற்காலிகமாக முளைத்தவற்றை அதில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, கோடையில் நீர் வற்றி வெளிப்படும் கற்களையும் மூழ்கிக் கிடந்த குச்சிகளையும் புரட்டிப் பாருங்கள். பழுப்பாகவோ, உள்ளே பாசி வாழ்ந்தால் பச்சையாகவோ, நுண்துளைகள் நிறைந்த சொரசொரப்பான பொருக்கு படிந்திருந்தால் அது கடற்பஞ்சின் உறவான நன்னீர்ப் பஞ்சுயிரியாக இருக்கலாம். அதனிடையே சிறு மணிகள் கிடந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவை ஜெம்மியூல்கள், வறட்சியைத் தாங்கி, மழை வந்தபின் புதிய உடலை உருவாக்கக் கூடியவை. இதற்கு வாயே இல்லாததால் முதற்படியில் சொன்ன அச்சைத் தேடுவது வீண். கல்லின் மேடுபள்ளத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப உருவம் மாறுகிறது. ஒரே இனத்தின் இரண்டு உடல்கள்கூட ஒத்திருப்பதில்லை. சமச்சீரற்றது என்று தயங்காமல் எழுதலாம்.

இனி நத்தை. இந்த நடையில் அதிக நேரம் செலவிடத் தக்கது இதுதான் என்பது என் கருத்து. பாடநூல் அட்டவணை மெல்லுடலிகளுக்கு நேரே இருபக்கச் சமச்சீர் என்று எழுதியிருக்கும். கையில் இருப்பதோ திருகிய ஓடு. ஆப்பிள் நத்தையை நீருள்ள வெள்ளைத் தட்டில் விட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். தலையும் பாதமும் வெளியே நீளும்போது, இரு உணர்கொம்புகளும் இரு கண்களும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பகுதி இருபக்கச் சமச்சீரை விடாமல் வைத்திருக்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் உள்ளுறுப்புத் தொகுதியின் கதை வேறு. நத்தைகள் அடங்கிய வயிற்றுக்காலிகளின் இளம் பருவத்தில் அத்தொகுதி தலையையும் பாதத்தையும் ஒப்பிட 180 பாகை வரை முறுக்கிக்கொள்வதால், பின்னால் இருந்த மேலுறைக்குழியும் (உடலை மூடும் மேலுறைக்குள் உள்ள குழி) மலத்துளையும் தலைக்கு மேலே வந்துவிடுகின்றன. ஆப்பிள் நத்தையில் செவுள் வலப்பக்கத்திலும் நுரையீரல் பை இடப்பக்கத்திலும் அமைந்துள்ளன. நீரிலும் காற்றிலும் மூச்சுவிட உதவும் இந்த ஏற்பாட்டில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று பிம்பம் ஆக முடியாது. ஆகவே நோட்டில், மூதாதை வழியிலும் தலை, பாதத்திலும் இருபக்கச் சமச்சீர், முதிர்ந்த உடலின் உள்ளுறுப்புகளில் சமச்சீரின்மை என்று இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை.

காலி ஓடுகள் கிடைத்தால் சுருளின் திசையையும் பாருங்கள். கூர்முனை மேலேயும் வாய் உங்களை நோக்கியும் இருக்குமாறு பிடிக்கும்போது, வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது வலச்சுருள், இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள். ஆப்பிள் நத்தையின் ஓடு வலச்சுருள். கழிவுநீர் கலந்த குட்டைகளில்கூடப் பெருகும் சிறிய பைசா நத்தைகள் இடச்சுருள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பூசையறைச் சங்கை வைத்து இதைச் சோதிப்பவர் குழம்பக்கூடும். சாதாரணமாகக் கிடைக்கும் சங்கு இந்த அளவுகோலின்படி வலச்சுருள். மிக அரிதாகக் கிடைப்பதால் விலைமதிப்புள்ள வலம்புரிச் சங்கோ இடச்சுருள். விலங்கியலார் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்க, நம் வழக்கில் அது கீழே இருக்குமாறு பிடித்துப் பார்ப்பதே இதற்குக் காரணம். எப்படிப் பிடித்தீர்கள் என்பதை எழுதாமல் திசையை மட்டும் எழுதிய குறிப்பு பயன்படாது.

நான்காம் படி: காப்பித் தோட்டத்து மண்ணில்

சில்வர் ஓக் நிழலில் மக்கிய இலைகளை மெல்ல விலக்கினால் மண்புழு கிடைக்கும். உருளையான, நீண்ட, காலற்ற உடல். கையில் உருட்டினால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தோன்றும். தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மௌரிட்டி இனத்தில் மயிர்க்கால்கள்கூட, ஒருசில கண்டங்களை (உடலின் வளையப் பகுதிகளை) தவிர, ஒவ்வொரு கண்டத்தையும் வளையமாகச் சூழ்ந்திருப்பதால் ஆரச் சமச்சீர் என்றே சொல்லத் தோன்றும். அவசரப்படாமல் ஈரத்தட்டில் விட்டுக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் முதுகு இரத்தக்குழாய் கருங்கோடாக உடல் நெடுகத் தெரிகிறது, அது முதுகு. எதிர்ப்புறத்தில் இனப்பெருக்கத் துளைகள் உள்ளன: பெண்துளை 14ஆம் கண்டத்தில், ஆண்துளைகள் இணையாக 18ஆம் கண்டத்தில். நரம்பு வடமும் அந்த வயிற்றுப் பக்கத்திலேயே ஓடுகிறது. முதுகும் வயிறும் வேறுபட்டுவிட்டதால், கருங்கோட்டின் வழியே இறங்கும் ஒரே தளம்தான் மிஞ்சுகிறது. புறத்தோற்றம் உருளை, உடல்திட்டம் இருபக்கச் சமச்சீர்.

மரவட்டையைத் தொட்டால் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். சுருண்ட நிலையை வைத்து எதையும் முடிவு செய்யாமல், அது விரிந்து நடக்கும்வரை காத்திருந்து பார்த்தால், பெரும்பாலான கண்டங்களில் இரண்டிரண்டு இணைக் கால்கள் இருபுறமும் சமமாக அமைந்திருப்பது தெரியும். அருகில் எங்காவது வட்டவலை கட்டிய சிலந்தி இருந்தால் அதையும் பாருங்கள்: வலை சுற்றிலும் ஆரங்கள் விரித்திருக்கிறது, நடுவில் இருக்கும் சிலந்தியோ சந்தேகத்துக்கு இடமின்றி இருபக்கச் சமச்சீர். அந்த வலையிலும் மையத்துக்குக் கீழுள்ள பரப்பு பெரும்பாலும் மேலுள்ளதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால், அளந்து பார்த்தால் அதுவும் முழுமையான ஆரச் சமச்சீர் இல்லை.

நீண்ட மழைக்குப் பிறகு பூந்தொட்டிகளுக்கும் அழுகிய கட்டைகளுக்கும் அடியில், அரைவட்டத் தலையும் முதுகில் கோடுகளும் கொண்ட தட்டையான, கோழை படிந்த புழு ஒன்று ஊர்ந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அது நிலத்தில் வாழும் தட்டைப்புழு; மண்புழுவைப் பிடித்துத் தின்னும். அதன் வாய் தலையில் இல்லை, வயிற்றுப்பக்கத்தின் நடுவில் இருக்கிறது. வாயுள்ள முனையைத் தேடு என்று முதற்படியில் நான் கொடுத்த விதிக்கு இது விலக்கு. இங்கே நகரும் திசையைக் கொண்டுதான் முன்முனையை அறிய வேண்டும். இதையும், மழையில் மதில்களில் ஏறும் ஆப்பிரிக்கப் பெருநத்தையையும் வெறுங்கையால் தொடக் கூடாது. அந்த நத்தை மனிதரின் மூளை உறையைப் பாதிக்கக்கூடிய எலி நுரையீரல் புழுவைச் சுமந்திருக்கக்கூடும்; கையுறை அணிந்திருந்தாலும் பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

ஐந்தாம் படி: வெளியையும் உள்ளையும் பிரித்துப் பார்த்தல்

ஏற்காட்டுச் சாலையோரக் குரங்கையோ குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவின் மானையோ பார்த்து இருபக்கச் சமச்சீர் என்று எழுத எவருக்கும் நேரமாகாது. உள்ளே அது நிலைப்பதில்லை. நம் உடலிலேயே இதயத்தின் கூர்முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்லீரலின் பெரும்பகுதி வலப்பக்கம். வல நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இட நுரையீரலுக்கு இரண்டு. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இந்த உள்ளமைப்பு முழுவதும் இடவலமாக மாறியிருக்கும். பலர் அதை அறியாமலேயே நலமாக வாழ்கிறார்கள். கருவின் தொடக்க நாள்களில் முடிச்சு எனப்படும் சிறு பகுதியிலுள்ள நுண்மயிர் போன்ற குற்றிழைகள் சுழன்று திரவத்தை இடப்பக்கமாகத் தள்ளுவதும், அந்த ஓட்டமே இடது எது என்ற முதல் குறிப்பைத் தருவதும் எலிக் கருக்களில் 1990களின் இறுதியில் கண்டறியப்பட்டன. இருபக்கச் சமச்சீர் என்று எழுதும்போது புற உடலமைப்பையும் இணை உறுப்புகளையும் பற்றியே பேசுகிறோம் என்பதை நோட்டின் ஓரத்தில் ஒருமுறை குறித்துவைத்தால் போதும்.

ஆறாம் படி: கட்டமைப்பு நிலையை முடிவு செய்தல்

இப்போது நோட்டில் பார்த்த விலங்குகளைப் பட்டியலாக்கி, சமச்சீருக்கு ஒன்றும் கட்டமைப்பு நிலைக்கு ஒன்றுமாக இரண்டு பத்திகள் போட்டு, சமச்சீர்ப் பத்தியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு இரண்டாம் கேள்வியைக் கேளுங்கள்: இந்த உடலில் வேலையைச் செய்யும் அலகு எது?

ஏரித் தண்ணீரின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும் பாரமீசியத்தில், உண்பதும் நகர்வதும் கழிப்பதும் ஒரே செல்லுக்குள் நடக்கின்றன. இன்று இவற்றை விலங்குலகில் சேர்க்காமல் புரோட்டிஸ்டாவில் வைக்கிறார்கள். ஒப்பிடுவதற்காக மட்டும் பட்டியலின் தலையில் இருக்கட்டும்.

பஞ்சுயிரியில் வேலைப்பங்கீடு தொடங்கிவிட்டது. சாட்டை போன்ற கசையிழையும் கழுத்துப்பட்டையும் கொண்ட செல்கள் நீரை ஓட்டி உணவுத் துகள்களைப் பிடிக்கின்றன. அமீபா போன்ற செல்கள் உணவைச் சுமந்து செல்கின்றன. தட்டையான செல்கள் வெளிப்புறத்தை மூடுகின்றன. ஆயினும் இந்தக் கூட்டங்கள் ஒருங்கிணைந்த திசுக்களாக இறுகவில்லை. நரம்பும் இல்லை, தசையும் இல்லை. இதைக் காட்டும் புகழ்பெற்ற சோதனையை விலங்கியலாளர் எச். வி. வில்சன் 1907இல் வெளியிட்டார். உயிருள்ள கடற்பஞ்சை நெருக்கமான பட்டுத்துணி வழியாகப் பிழிந்து தனிச்செல்களாக்கி நீரில் விட்டபோது, அவை மீண்டும் ஒன்றுகூடி நாளடைவில் முழுக் கடற்பஞ்சாயின. செல் நிலைக் கட்டமைப்பு என்று நாம் மனப்பாடம் செய்வதன் உண்மையான பொருளை இதைவிட நன்றாக விளக்கும் செய்தி எனக்குத் தெரியவில்லை.

ஹைட்ராவில் புறப்படை, அகப்படை என்ற இரண்டு செல் அடுக்குகளும், இடையே மீசோகிளியா என்ற செல்களற்ற கூழ் அடுக்கும் உள்ளன. ஒரே வகைப் பணிக்கான செல்கள் அடுக்காகச் சேர்ந்து இயங்குகின்றன. உடல் முழுவதும் நரம்பு வலை பரவியிருப்பதால் ஓரிடத்தில் தொட்டால் முழு உடலும் சுருங்குகிறது. இதுவே திசு நிலை. மூளை இல்லை, உணவு நுழையும் வாய்தான் கழிவு வெளியேறும் வழியும். 1740களில் இயற்கையியலாளர் ஆபிரகாம் டிரெம்பிளி ஹைட்ராவைத் துண்டுகளாக வெட்டி, அவை முழு உயிரிகளாக வளர்வதைக் காட்டி ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தினார். வில்சனின் சோதனையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இழந்ததை வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் கட்டமைப்பு நிலைக்கு அளவுகோல் ஆகாது. மேல்நிலையில் உள்ள தட்டைப்புழுவும் நட்சத்திர மீனும்கூட அதில் வல்லவை.

தோட்டத்துத் தட்டைப்புழுவில் திசுக்கள் சேர்ந்து உறுப்புகளாகின்றன: ஒளியுணரும் கண்புள்ளிகள், தசையாலான தொண்டை, கழிவை நீக்கும் சுடர்செல்கள். ஆயினும் குடலுக்கு ஒரே திறப்புதான். இரத்த ஓட்ட அமைப்பு இல்லை. பாடநூல்கள் இதை உறுப்பு நிலை என்கின்றன. நரம்பும் இனப்பெருக்க உறுப்புகளும் தட்டைப்புழுவிலேயே ஓரளவு மண்டலங்களாக அமைந்துவிட்டதால், இந்த எல்லைக்கோடு கற்பிக்கும் வசதிக்காக வரையப்பட்டது என்றே நான் கருதுகிறேன். தேர்வில் பாடநூல் சொல்வதை எழுதுங்கள்; நோட்டில் நீங்கள் பார்த்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

மண்புழுவிலிருந்து தொடங்கி மரவட்டை, நத்தை, குரங்கு எல்லாமே உறுப்பு மண்டல நிலை. ஒரே பெயர் வந்துவிட்டதால் அவை ஒரே மாதிரி என்று கொள்ளக் கூடாது. மண்புழுவில் இரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது. மரவட்டையிலும் நத்தையிலும் உடலின் இடைவெளிகளில் பரவி உறுப்புகளை நேரடியாக நனைக்கிறது. ஒரு நிலையை எட்டிய பின் அதன் ஒரு பகுதியை இழந்தவையும் உண்டு. தட்டைப்புழுக்களின் தொகுதியைச் சேர்ந்த நாடாப்புழுவுக்குக் குடலே கிடையாது; விருந்தோம்பியின் குடலில் செரித்த உணவை உடற்பரப்பு வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. அதைப் பார்த்து அதன் நிலையைக் கீழே இறக்கினால் தவறு. ஒட்டுண்ணி வாழ்வில் தேவையற்றுப் போனதைக் கைவிட்டிருக்கிறது, அவ்வளவே.

இந்த இடத்தில் கரு அடுக்குகளையும் சுருக்கமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஹைட்ராவின் உடல் இரண்டு அடுக்குகளிலிருந்து உருவாவதால் அது ஈரடுக்கு உயிரி. தட்டைப்புழு முதல் மேலுள்ளவற்றில் நடுப்படை என்ற மூன்றாம் அடுக்கு தோன்றித் தசை முதலியவற்றைத் தருகிறது. உடற்குழி தட்டைப்புழுவில் இல்லை. உருளைப்புழுவில் அது நடுப்படையால் முழுமையாகச் சூழப்படாத பொய் உடற்குழியாகவும், மண்புழுவில் நடுப்படையால் சூழப்பட்ட உண்மையான உடற்குழியாகவும் அமைகிறது.

ஏழாம் படி: கடல் விலங்குகளை அருங்காட்சியகத்தில் சரிபார்த்தல்

மறைத்த தாளை எடுத்து இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளூர் விலங்குகள் பெரும்பாலும் பாடநூல் வரிசையிலேயே அமைந்திருப்பதாகத் தோன்றும். அந்த வரிசையை உடைக்கும் விலங்குகள் கடலில் இருக்கின்றன. ஆகவே கடைசியாக, கல்லூரி விலங்கியல் துறை ஒன்றின் அருங்காட்சியக அலமாரியைப் பார்க்க அனுமதி பெறுங்கள்.

நட்சத்திர மீன் உறுப்பு மண்டல நிலையைச் சேர்ந்தது. நீர்க்குழல் மண்டலமும் அதனோடு இணைந்த குழாய்க்கால்களும் கொண்டது. மூவடுக்கும் உண்மையான உடற்குழியும் உடையது. ஆயினும் முதிர்ந்த உடல் ஐங்கோண ஆரச் சமச்சீரில் இருக்கிறது. அதன் இளவுயிரியோ இருபக்கச் சமச்சீர் கொண்டு நீந்துகிறது. அது அடியில் ஒட்டி உருமாறும்போதுதான் ஐந்து கைகள் தோன்றுகின்றன. ஆரச் சமச்சீர் என்றால் எளிய உயிரி என்ற எண்ணம் இந்த ஒரு சாடியின் முன்னால் கலைந்துவிடும். முகக்கண்ணாடிச் சோதனையை இங்கேயும் செய்யலாம். வாயுள்ள பக்கத்தை வரைந்தால் ஐந்து தளங்கள் தேறும். மேற்பக்கத்தை வரைந்தால், இரண்டு கைகளுக்கு இடையில் மையத்திலிருந்து விலகி நிற்கும் சல்லடைத் தட்டு (நீர்க்குழல் மண்டலத்தின் நுண்துளைத் தட்டு) குறுக்கே வருகிறது. ஐந்தில் அந்தத் தட்டின் வழியே செல்லும் ஒரு தளம் மட்டுமே மிஞ்சும். அதே தொகுதியைச் சேர்ந்த கடல் வெள்ளரி நீண்டு படுத்து, ஒரு முனையை முன்வைத்து ஊர்வதால், ஆரத் திட்டத்தின் மேலேயே மீண்டும் இருபக்கச் சமச்சீரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

கடல் சாமந்தியையும் பாருங்கள். வெளியே ஆரம், உள்ளேயோ நீளவாக்கில் பிளந்த வாயும் தொண்டையின் ஓரத்தில் ஓடும் நீர்ப்பள்ளமும் தளங்களை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைத்துவிடுகின்றன. ஹைட்ரா, ஜெல்லி மீன், கடல் சாமந்தி அடங்கிய குழியுடலிகள் என்றால் ஆரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் அட்டவணைக்கு இதில் இடமில்லை.

சாடியில் இருப்பவற்றைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். பதப்படுத்தும் திரவத்தில் நாள்பட்ட ஜெல்லி மீன் சுருங்கி மடிந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நட்சத்திர மீனின் கை ஒடிந்திருக்கலாம், அல்லது உயிரோடு இருந்தபோதே இழந்த கை பாதி வளர்ந்திருக்கலாம். அவற்றைக் கண்டபடியே வரைந்து, குலைவு எது, உடல்திட்டம் எது என்பதைத் தனித்தனி வண்ணத்தில் குறியுங்கள். முடிவு செய்ய முடியாத கட்டத்தைக் காலியாக விட்டு, எந்தப் பார்வை கிடைக்காததால் முடியவில்லை என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை எந்தச் சாடியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தக் குறிப்புப் போதும்.